ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரி வரை: பெரும்பரப்பு லேண்ட்ஸ்கேப் திட்டமிடலை ஜிஐஎஸ் கொண்டு கற்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்பவர் சென்னையில் பி.ஆர்க். நான்காம் ஆண்டு மாணவர். வீட்டுத் தோட்டம், கல்லூரி வளாகம் என்ற அளவைத் தாண்டி, ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் எடுத்துத் திட்டமிடும் லேண்ட்ஸ்கேப் பணியை ஜிஐஎஸ் எனப்படும் டிஜிட்டல் வரைபடக் கருவிகளோடு கற்க விரும்புகிறார். எந்த மென்பொருள், தரவு எங்கே கிடைக்கும், மேற்படிப்பு எங்கே, இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்குத் தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை எடுக்கலாமா என்று கேட்கிறார். கையில் இருப்பது 8 ஜிபி மடிக்கணினி.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததுதான். பள்ளிக்கரணையை முழுதாக எடுக்காதீர்கள். 2022-ல் ஈரநிலங்களுக்கான சர்வதேசப் பட்டியலான ராம்சரில் சேர்ந்த பரப்பே 1,247.54 ஹெக்டேர். அதற்கு நீர் தரும் பகுதி 200 சதுர கிலோமீட்டருக்கும் மேல். தெற்கிலும் மேற்கிலும் உள்ள ஏரிகள் ஒன்றுக்கொன்று உபரிநீரைக் கைமாற்றிக் கடைசியில் சதுப்பில் சேர்க்கின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரம். ஒரு பருவத்தில் ஒரு மாணவர் இதைத் தொட்டால் கிடைப்பது அழகான வண்ணப் படங்கள் மட்டுமே, முடிவு எதுவும் வராது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை எடுங்கள். செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று போகும் வரிசையில் ஏதாவது இரண்டு ஏரிகளும் அவற்றுக்கு இடைப்பட்ட நிலமும் போதும். கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: "நன்மங்கலம் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் கீழ்க்கட்டளை ஏரியைச் சேர எவ்வளவு அகலப் பாதை மிச்சம் இருக்கிறது, அந்தப் பாதையில் எங்கே நீரைத் தேக்கலாம், எங்கே மக்களை நடக்க விடலாம்?" எந்தத் தரவு வேண்டும், எது வேண்டாம் என்பதை இந்த வாக்கியம்தான் முடிவு செய்யும். கேள்வி இல்லாமல் தரவிறக்கத் தொடங்கியவர்களின் கணினியில் நாற்பது தரவு அடுக்குகள் இருக்கும், அவற்றில் நான்குகூடப் பயன்பட்டிருக்காது.

அடுத்தது அளவுத்திட்டம். கட்டடக்கலை மாணவருக்கு 1:100 கைவந்தது. இங்கே மூன்று அளவுகளில் மாறி மாறி வேலை செய்ய வேண்டியிருக்கும். நீர்ப்பிடிப்புக்கு 1:50,000, ஏரிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் 1:10,000 அல்லது 1:5,000, வடிவமைக்கும் இடத்துக்கு 1:1,000. எளிய கணக்கு ஒன்று உண்டு: அளவுத்திட்ட எண்ணை 2,000-ஆல் வகுத்தால் தேவைப்படும் பிக்சல் அளவு மீட்டரில் வரும். 1:50,000-க்கு 25 மீட்டர், ஆகவே 30 மீட்டர் உயரத் தரவு ஏறக்குறையப் பொருந்தும். 1:5,000-க்கு 2.5 மீட்டர் வேண்டும், இலவசச் செயற்கைக்கோள் படம் எதுவும் அங்கே எட்டாது. 30 மீட்டர் பிக்சலைப் பெரிதாக்கி 1:1,000 படத்தில் போட்டு "சரிவு ஆய்வு" என்று தலைப்பிடுவது நடுவர் குழு முதலில் பிடிக்கும் தவறு.

மென்பொருளில் நேரம் செலவிட வேண்டாம். க்யூஜிஐஎஸ் இலவசம், நீண்டகால ஆதரவுப் பதிப்பை நிறுவுங்கள். அதனுள்ளேயே கிராஸ் என்ற ஆய்வுக் கருவிகள் உண்டு. நீரோட்ட ஆய்வுக்கு வொயிட்பாக்ஸ் டூல்ஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களைத் தரவிறக்காமலே அலச கூகுள் எர்த் எஞ்சின், கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். ஆர்க்ஜிஐஎஸ் உரிமம் கல்லூரியில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இழப்பில்லை. 8 ஜிபி நினைவகம் போதும். 250 சதுர கிலோமீட்டரை 30 மீட்டர் பிக்சலில் வைத்தால் மூன்று லட்சம் பிக்சல்கூட வராது. கணினி திணறுகிறது என்றால், தேவையான பகுதியை வெட்டி எடுக்காமல் முழுப் படத்தையும் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

முதல் நாளிலேயே இரண்டு விஷயங்களைச் சரியாக வைத்துவிட்டால் பின்னால் பல வாரம் மிச்சம். ஒன்று, கோப்பு வடிவம். பழைய வடிவமான ஷேப்ஃபைலில் அட்டவணைப் பத்தியின் பெயர் பத்து எழுத்தைத் தாண்டாது, தமிழில் எழுதிய ஏரிப் பெயர்கள் வேறு கணினியில் கேள்விக்குறிகளாக மாறிவிடும். ஜியோபேக்கேஜில் சேமித்தால் இரண்டு தொல்லையும் இல்லை. இரண்டு, இடத்தை எண்களால் குறிக்கும் ஆய அமைப்பு. உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில், சென்னை 80 பாகை கிழக்கில் இருப்பதால் 44 வடக்கு. மென்பொருளில் அதன் குறியீட்டு எண் ஈபிஎஸ்ஜி 32644. கோயம்புத்தூர்த் தோழரின் கோப்பை அப்படியே வாங்காதீர்கள், அது 43-ஆம் மண்டலம். பாகையில் அளக்கும் ஈபிஎஸ்ஜி 4326-ல் பரப்பளவை நேரடியாகக் கணக்கிட்டால் விடை சதுரப் பாகையில் வரும். 0.0002 என்று ஒரு எண்ணைப் பார்த்ததும் பலர் மென்பொருளைக் குறை சொல்வார்கள்.

ஆய அமைப்பில் இன்னொரு பொறி, நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாளான டோப்போஷீட். சென்னைத் தென்புறத்துக்கு 66 டி/1, 66 டி/5. நகர மையத்துக்கு 66 சி/4, 66 சி/8. 1:50,000 அளவிலான இந்தப் பழைய தாள்கள், பூமியின் வடிவத்துக்கான பழைய கணித மாதிரியான எவரெஸ்ட் நீள்வட்டகத்தில் வரையப்பட்டவை. இன்று ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 மாதிரி என்று நினைத்துப் பொருத்தினால் ஏரிக்கரை தெரு தாண்டிப் போய் நிற்கும். பரங்கிமலைப் பக்கம் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802-ல் அளந்த அடிக்கோட்டில் தொடங்கிய வேலையின் வழித்தோன்றல்தான் அந்த எவரெஸ்ட். நம் ஊரில் பிறந்த கணக்கு நம் ஊர்ப் படத்திலேயே காலை வாருகிறது. தாளைப் பொருத்தும்போது கோயில் குளத்து மூலை, பழைய ரயில்வே பாலம், சாலைச் சந்திப்பு என்று அசையாத புள்ளிகளில் குறைந்தது எட்டு எடுங்கள், நான்கு மூலைக்கும் பரவி இருக்கட்டும். முதற்படிப் பல்லுறுப்பு உருமாற்றத்தையே பயன்படுத்துங்கள். "தின் பிளேட் ஸ்ப்லைன்" பிழையைப் பூஜ்யம் என்று காட்டும், ஏனென்றால் அது தாளை ரப்பர் போல இழுத்து உங்கள் புள்ளிகளில் ஒட்டவைக்கிறது. புள்ளி தவறாக இருந்தால் தவறும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். 1:50,000 தாளில் 25 மீட்டருக்குள் சராசரிப் பிழை வந்தால் நிறுத்திவிடலாம்.

இனி உயரம். சென்னையில் இந்த வேலை தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் மலைநாட்டை வைத்து எழுதப்பட்டவை. உயரத் தரவை இறக்கு, பள்ளங்களை நிரப்பு, நீரோட்டத் திசை கணக்கிடு, நீர்ப்பிடிப்பு எல்லை வந்துவிடும் என்பார்கள். நீலகிரியில் வரும். பள்ளிக்கரணையில் வராது. 30 மீட்டர் இலவசத் தரவுகளில் நம்பகமான, ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் தரவின் உயரத் துல்லியமே 90 விழுக்காட்டு நம்பகத்தில் 4 மீட்டருக்குள் என்றுதான் சொல்லப்படுகிறது. தென்சென்னையின் தாழ்நிலத்தில் ஏரிக்கும் ஏரிக்கும் இடையிலான வீழ்ச்சியே ஓரிரு மீட்டர்தான். அளவுகோலின் பிழை, அளக்கும் பொருளைவிடப் பெரியது. பிப்ரவரி 2000-ல் பதினோரு நாளில் விண்வெளியிலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் என்ற தரவு உயரங்களை முழு மீட்டரில் மட்டுமே தருகிறது, அதில் படிக்கட்டு போலச் செயற்கைத் தளங்கள் தெரியும். தவிர இரண்டுமே காட்டுவது மேற்பரப்பை. மரத்தலையும் மொட்டைமாடியும் சேர்ந்த உயரம் அது. வேளச்சேரியின் அடுக்ககங்கள் ஒரு குன்றாகத் தெரியும், நீரோட்டக் கோடு அதைச் சுற்றி வளைந்து போகும். இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் படங்களிலிருந்து செய்த கார்ட்டோடெம் உயரத் தரவு கிடைக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துவையுங்கள். கட்டடங்களையும் மரங்களையும் கணக்கால் கழித்த ஃபேப்டெம் இந்த வேலைக்குச் சற்று மேல். எதையும் தனியே நம்ப முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் "பள்ளங்களை நிரப்பு" என்ற கட்டளை. ஏரி என்பதே பள்ளம்தான். மென்பொருளுக்கு அது தரவுப் பிழை. ஏரியின் அடியைக் கரையின் தாழ்ந்த இடம் வரை நிரப்பித் தட்டையாக்கிவிட்டு, அந்தத் தட்டையின் மேல் ஒன்றுக்கொன்று இணையான நேர்க்கோடுகளாக ஓடைகளை வரையும். உங்கள் படத்தில் ஸ்கேல் வைத்து வரைந்தது போன்ற இணைகோடு ஓடைகள் தெரிந்தால், அது நிலத்தின் உண்மை அல்ல, நிரப்பலின் தடம். நீர் வெளியேறும் இடமும் தவறாகவே இருக்கும், ஏனென்றால் 30 மீட்டர் பிக்சலுக்குக் கலங்கலும் தெரியாது, மதகும் தெரியாது, சாலைக்கு அடியில் போகும் சிறுபாலமும் தெரியாது. சதுப்பை வெட்டிக்கொண்டு போகும் பல்லாவரம் – துரைப்பாக்கம் ஆரச்சாலை உயரத் தரவில் ஒரு அணை. அடியில் நீர் கடக்கும் கண்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் என்பதை நேரில் போய்த்தான் எண்ண வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். கால்வாய்களை டோப்போஷீட்டிலிருந்தும் கூகுள் எர்த் புரோவின் பழைய படங்களிலிருந்தும் கோடுகளாக வரைந்துகொள்ளுங்கள். சிறுபாலம், கலங்கல், மதகு மூன்றையும் புள்ளிகளாகக் குறியுங்கள். அந்தக் கோடுகளின் வழியே உயரத் தரவை இரண்டு மூன்று மீட்டர் கீழே இறக்குங்கள், நீரைக் கால்வாயிலேயே போக வைக்கும் செயற்கைப் பள்ளம் அது. நிரப்புவதற்குப் பதிலாக, வொயிட்பாக்ஸில் உள்ள "குறைந்த செலவில்", அதாவது நிலத்தை மிகக் குறைவாக மாற்றி, உடைக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். தடையை மெல்லியதாகக் கீறி வழிவிடும், ஏரியைத் தூர்க்காது. அதன்பின் வரும் எல்லையையும் கையால் திருத்துங்கள். நீர்ப்பிடிப்பு எல்லையைக் கையால் திருத்துவது மோசடி இல்லையா என்று சிலர் தயங்குவார்கள். எந்தக் களச் சான்றை வைத்துத் திருத்தினீர்கள் என்று அட்டவணைப் பத்தியில் எழுதிவைத்தால் அது முறையான வேலை. எழுதாமல் திருத்தினால்தான் மோசடி.

வடிவமைக்கும் இடத்தின் மட்டங்களை ஆட்டோ லெவல் வைத்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கல்லூரியின் சர்வே ஆய்வகத்தில் கருவி இருக்கும். கலங்கலின் மேல்மட்டம், மதகின் அடிமட்டம், கரை உச்சி ஐந்தாறு இடங்களில், ஒவ்வொரு சிறுபாலத்தின் அடிமட்டம், கீழ் ஏரியின் நுழைவாய். இவ்வளவு போதும், இரண்டு நாள் வேலை. தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து முடியுங்கள். அப்போது தெரியும் வித்தியாசமான மூடல் பிழை, சுற்றிய கிலோமீட்டரின் வர்க்கமூலத்தை 12 மி.மீ.யால் பெருக்கிய அளவைத் தாண்டக் கூடாது. 4 கிலோமீட்டர் சுற்றுக்கு 24 மி.மீ. தாண்டினால் எங்கோ அளவுக்கோலை (ஸ்டாஃப்) தவறாகப் படித்திருக்கிறீர்கள். செயற்கைக்கோள் வழி உயரத்தை எடுத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: சென்னையில் கடல்மட்டப் பரப்பு, நீள்வட்டகத்துக்கு 80 மீட்டருக்கும் மேல் கீழே இருக்கிறது. திருத்தம் போடாத கருவி, தரையை மைனஸில் காட்டும். கருவி கெட்டுவிடவில்லை. டிரோனை நம்பித் திட்டம் போடாதீர்கள். மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அருகில் இருப்பதால், முதலில் டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

சரிவு வரைபடம் பற்றி ஒரு வரி. பல்லாவரம், நன்மங்கலம், வண்டலூர்க் குன்றுகளில் அதற்குப் பொருள் உண்டு. மற்ற இடங்களில் பாடத்திட்டத்தை நிரப்பத்தான் உதவும்.

செயற்கைக்கோள் படத்தில் நாள் தேர்வுதான் பாதி வேலை. சென்டினல்-2 படங்கள் 2015 முதல் கிடைக்கின்றன, நான்கு பட்டைகள் (ஒளி அலைநீளப் பிரிவுகள்) 10 மீட்டர் பிக்சலில். அதற்கு முன்னால் போக லேண்ட்சாட், 30 மீட்டர், 1980-கள் வரை நன்றாகப் போகலாம். வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடியே இருக்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெளிவான படம் கிடைப்பது அதிர்ஷ்டம். அதனால் ஏரி நிறைந்த நிலைக்கு ஜனவரி–பிப்ரவரி, வற்றிய நிலைக்கு மே–ஜூன் என்று இரண்டு படமாவது எடுங்கள். ஒரே படத்தை வைத்து நிலப்பயன்பாட்டை வகைப்படுத்துவது இங்கே ஆபத்தானது. நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்த ஜூன் 2019 படத்தை ஒருவர் எடுத்தால், செம்பரம்பாக்கத்தின் பெரும்பகுதி "தரிசு நிலம்" என்று வரும். 3,645 மில்லியன் கனஅடி கொள்ளும் ஏரியைத் தரிசு என்று எழுதிய வரைபடம் நாளை யார் கையில் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எதிர்த்திசையிலும் பிழை உண்டு. நீரைக் கண்டுபிடிக்கும் குறியீடு பச்சைப் பட்டையையும் அகச்சிவப்புப் பட்டையையும் ஒப்பிடுகிறது. ஆகாயத்தாமரை மூடிய ஏரி அந்தக் குறியீட்டுக்குத் தழைத்த வயல். சம்பங்கோரை மண்டிய சதுப்பும் அப்படியே. தாவரக் குறியீடு உயர்ந்திருப்பதைப் பார்த்து "பசுமை கூடியிருக்கிறது" என்று எழுதுவார்கள், உண்மையில் கழிவுநீர் கூடியிருக்கும். சீமைக் கருவேலம் கோடையிலும் பச்சையாக நிற்பதால் மே மாதப் படத்தில் தனியே பிரித்தெடுக்கலாம், அது ஒரு வசதி. இன்னொரு பக்கம், கட்டட நிழலும் தார்ச்சாலையும் நீராகத் தெரியும். சிற்றலை அகச்சிவப்புப் பட்டையைப் பயன்படுத்தும் திருத்திய நீர்க்குறியீடு நகரத்தில் மேல். அந்தப் பட்டை 20 மீட்டர்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பலரைக் குழப்பும் ஒரு நுணுக்கம்: 25 ஜனவரி 2022 முதல் சென்டினல்-2 படங்களின் எண்களில் 1,000 கூட்டி வெளியிடப்படுகிறது. நேரடியாக இறக்கிய படங்களில் அதைக் கழிக்காமல் 2020-ஐயும் 2023-ஐயும் ஒப்பிட்டால், நகரமெங்கும் தாவரம் திடீரென்று சரிந்தது போலத் தெரியும். எர்த் எஞ்சினில் "ஹார்மனைஸ்டு" என்ற தொகுப்பை எடுத்தால் இது சரிசெய்யப்பட்டே வரும். அங்கேயே 1984 முதல் ஒவ்வொரு பிக்சலிலும் எத்தனை விழுக்காடு காலம் நீர் நின்றது என்று சொல்லும் உலக நீர்ப்பரப்புத் தரவும் இருக்கிறது. ஏரியின் உண்மையான விளிம்பைப் பிடிக்க, எந்த ஒரு நாள் படத்தையும்விட அது நல்ல சாட்சி.

வகைப்படுத்தினால் துல்லியத்தைச் சோதிக்காமல் விடாதீர்கள். வகைக்கு 50 சோதனைப் புள்ளிகளாவது வேண்டும், பயிற்சிக்குப் பயன்படுத்திய புள்ளிகளையே சோதனைக்கும் வைத்தால் 98 விழுக்காடு வரும், அதற்கு மதிப்பில்லை.

வானத்திலிருந்து தெரியாதது ஆவணத்தில் இருக்கிறது. சென்னையில் லேண்ட்ஸ்கேப் திட்டமிடுபவர் படிக்க வேண்டிய மிக முக்கியமான படம் புல எல்லைப் படம், பேச்சுவழக்கில் எஃப்எம்பி. அதோடு, ஒவ்வொரு புலமும் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேடு. தமிழக அரசின் இணைய சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் கிடைக்கும். 'அ' பதிவேட்டில் ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் என்ற சொற்கள்தான் உங்கள் திட்டத்தின் சட்ட எலும்புக்கூடு. எஃப்எம்பியில் புவி ஆயங்கள் கிடையாது, ஒவ்வொரு புலமும் தனித் தீவு. எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் உள்ள தூரத்தை வைத்து அடுத்தடுத்த புலங்களை முதலில் தங்களுக்குள் இணைத்து, பிறகு மொத்தமாகப் படத்தில் பொருத்துங்கள். தனித்தனியே பொருத்தினால் இடையில் சந்துகளும் மேற்படிவுகளும் வரும், அவற்றை ஆக்கிரமிப்பு என்று தவறாகப் படித்துவிடக்கூடும். வாய்க்கால் புறம்போக்கின் அகலத்தையும் இன்று தரையில் இருக்கும் அகலத்தையும் ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை ஒப்பிட்டு ஓர் அட்டவணை போடுங்கள். என்னைக் கேட்டால், ஆய்வுத் திட்டத்தின் ஆகச் சிறந்த தாள் அதுவாகத்தான் இருக்கும்.

ஊர்ப்பெயரையும் தரவாக எடுங்கள். தாங்கல் என்றாலே சிறு ஏரி. பழவந்தாங்கல் என்ற பெயர் எந்த உயரத் தரவையும்விடப் பழையது. பள்ளிக்கரணைப் பக்கத்துப் பெரியவர்கள் சதுப்பைக் கழுவெளி என்பார்கள். மாம்பலம் – நுங்கம்பாக்கம் நீண்ட ஏரியின் மேல்தான் தியாகராய நகர் எழுந்தது. லேக் வியூ சாலையில் ஏரியைத் தேடுபவருக்குப் பெயர்ப்பலகை மட்டும்தான் மிஞ்சும்.

அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து "எங்கே எது பொருத்தம்" என்று பார்க்கும் முறை 1960-களில் பென்சில்வேனியாவில் லேண்ட்ஸ்கேப் பேராசிரியர் இயன் மெக்ஹார்க் ஒளிபுகும் தாள்களில் செய்தது. ஜிஐஎஸ் துறைக்கும் லேண்ட்ஸ்கேப் துறைக்கும் உறவு பழையது. ஆர்க்ஜிஐஎஸ் மென்பொருளின் எஸ்ரி நிறுவனத்தை 1969-ல் தொடங்கிய ஜாக் டேஞ்சர்மண்ட் ஹார்வர்டில் லேண்ட்ஸ்கேப் படித்தவர். முறை எளிது என்பதால் தவறும் எளிதில் நுழைகிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். பூங்கா வளாகக் கட்டடத்துக்கு இடம் தேட நீர்நிலைக்கு 30, சாலை அருகாமைக்கு 40, சரிவுக்கு 30 விழுக்காடு எடை கொடுக்கிறீர்கள், மதிப்பெண் ஒன்று முதல் ஒன்பது வரை. வறண்ட ஏரியின் உள்வாயில் உள்ள பிக்சல் நீர்நிலைக்கு 1 பெறுகிறது. சாலை பக்கத்தில் இருப்பதால் 9. ஏரியின் அடி தட்டையாக இருப்பதால் சரிவுக்கும் 9. கூட்டினால் 6.6. ஒன்பதுக்கு ஆறரைக்கு மேல், "பொருத்தமான இடம்" என்று பச்சை நிறம். ஏரிக்குள் கட்டடம் கட்டச் சொல்லும் வரைபடத்தை நீங்களே தயாரித்துவிட்டீர்கள்.

ஆகவே விலக்கு வேறு, மதிப்பெண் வேறு. ஏரி உட்புறம், கால்வாய், ஒதுக்கப்பட்ட காடு இவற்றை முதலிலேயே பூஜ்யம்–ஒன்று முகமூடியால் வெட்டி வெளியே எடுங்கள். மிச்ச நிலத்துக்கு மட்டும் எடை போடுங்கள். பின் ஒவ்வோர் எடையையும் பத்துப் புள்ளி கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பாருங்கள். எல்லா ஓட்டத்திலும் பச்சையாகவே நிற்கும் இடங்களைத்தான் துணிந்து சொல்லலாம். மற்றவை உங்கள் எடையின் விளைவு, நிலத்தின் குணமல்ல.

நீரின் அளவுக்கு, ஒரு நிலம் மழையை எவ்வளவு வழியவிடும் என்பதை ஓர் எண்ணால் சொல்லும் வளைவெண் முறை போதும். தேக்கத்திறன் மி.மீ.யில் வர, 25,400-ஐ வளைவெண்ணால் வகுத்து 254 கழியுங்கள். மழையிலிருந்து தேக்கத்திறனின் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து வர்க்கம் எடுத்து, மழையோடு தேக்கத்திறனின் ஐந்தில் நான்கு பங்கு கூட்டிய எண்ணால் வகுத்தால் வழிநீர். 100 மி.மீ. மழையில், வளைவெண் 75 உள்ள திறந்த நிலம் 41 மி.மீ. விடும், 92 உள்ள நெருக்கமான குடியிருப்பு 78 மி.மீ. விடும். 100 ஹெக்டேருக்கு வித்தியாசம் ஏறத்தாழ 36,500 கனமீட்டர், ஒரு மீட்டர் ஆழத்தில் தேக்க 3.65 ஹெக்டேர் தேவை. வடிவமைப்புக்கு நேரடியாகக் கைகொடுக்கும் எண் இது.

ஆனால் இங்கே நிறுத்திவிடாதீர்கள். சென்னையில் பெருமழை காய்ந்த மண்ணில் விழுவது அரிது. 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் ஆயிரம் மி.மீ.க்கு மேல் பெய்து மண் ஊறிக் கிடந்த நிலையில்தான் டிசம்பர் முதல் நாள் மழை வந்தது. ஊறிய மண்ணுக்கு 75 என்பது 87 ஆகும், 92 என்பது 96 ஆகும். அதே 100 மி.மீ.க்கு இப்போது 65.5-ம் 88.3-ம். திறந்த நிலத்தின் அனுகூலம் 37 மி.மீ.யிலிருந்து 23 மி.மீ.க்கு இறங்கிவிட்டது. அதனால்தான் புல்வெளி போட்டால் வெள்ளம் குறையும் என்ற வாதம் இந்த ஊரில் பாதிதான் நிற்கும். உறிஞ்சும் பரப்போடு, காலியாகக் காத்திருக்கும் கொள்ளளவும் கலங்கலுக்குக் கீழே தடையில்லாத பாதையும் வேண்டும். உங்கள் திட்டத்தில் மரமும் நடைபாதையும் அந்தப் பாதையின் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரையின்மேல் பெருமரம் நடுவதும் வேண்டாம், செத்த வேரின் துளை வழியே கரை கசியும்.

ஜிஐஎஸ்ஸிலிருந்து ரைனோ அல்லது கேட் (CAD) வரைவு மென்பொருளுக்குப் போகும்போது ஒரு சிறு தொல்லை. பள்ளிக்கரணையின் ஆயங்கள் கிழக்கே 4,14,000, வடக்கே 14,31,000 என்ற அளவில் இருக்கும். இவ்வளவு பெரிய எண்களில் முப்பரிமாண வலைகள் நடுங்கும், மேற்பரப்பு உடைந்து தெரியும். முழுமையான ஓர் எண்ணைக் கழித்து உள்ளூர்த் தொடக்கப்புள்ளிக்கு நகர்த்துங்கள், அந்த எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் வடிவமைப்பை வரைபடத்துக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது. வெட்டுமுகத்தில் செங்குத்தை ஐந்து மடங்கு பெரிதாக்காமல் இந்த ஊரில் எதுவும் தெரியாது. பெரிதாக்கியதைத் தாளிலேயே எழுத மறக்காதீர்கள்.

படிப்பு பற்றிச் சுருக்கமாக. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியில் லேண்ட்ஸ்கேப் எம்.ஆர்க். உண்டு. வெளியே போவதென்றால் டெல்லியின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளி (எஸ்பிஏ), அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம். வரைபடத் தொழில்நுட்பத்தையே முதன்மையாக எடுக்க நினைத்தால் கிண்டி வளாகத்தின் தொலையுணர்வு, ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் அங்கே வடிவமைப்பு ஸ்டுடியோ கிடைக்காது. டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனமான ஐஐஆர்எஸ்ஸின் இலவச இணைய வகுப்புகள் அடிப்படைக்குப் போதும். எந்தக் கல்லூரியானாலும், வட்டார அளவிலான ஸ்டுடியோ ஒரு முழுப் பருவம் நடக்கிறதா என்று கேளுங்கள். "ஜிஐஎஸ் அறிமுகம்" என்ற இரண்டு மதிப்பீட்டுப் புள்ளிப் பாடத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக 2022-ல் விரிக்கப்பட்டது. அந்தப் புதுப் பரப்பில் பெரும்பாலானவை ஏரியும் வயலும்தான், இந்த வேலை தெரிந்தவர்களுக்கு அங்கே தேவை இருக்கும்.

நாட்காட்டியில் ஒரு முரண் இருக்கிறது. ஆய்வுத் திட்டப் பருவம் வழக்கமாக டிசம்பர்–ஜனவரியில் தொடங்கும், அப்போது மழை முடிந்திருக்கும். கலங்கல் வழிவதை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஆகவே இந்த அக்டோபர்–நவம்பரிலேயே, பெருமழை விட்ட மறுநாள் காலை குடை, அளவு நாடா, இடக்குறிப்போடு படமெடுக்கும் கைப்பேசியுடன் போய் மூன்றை மட்டும் குறியுங்கள்: எந்தக் கலங்கல் வழிகிறது, எந்தச் சிறுபாலத்தில் நீர் எதிர்த்திசையில் நிற்கிறது, சுவர்களில் ஈரக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது. ஈரக்கோட்டின்மேல் அன்றைக்கே சாக்பீஸால் கோடு போட்டுப் படமெடுத்துவிடுங்கள். நீர் ஓடும்போது கரையிலேயே நில்லுங்கள், கால்வாயில் இறங்க வேண்டாம். லெவல் எடுப்பதை ஜனவரியில் வைத்துக்கொள்ளலாம்.